நான் எழுதிய பலகையும் காட்டின் வயதும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், ஒரு மழைக்காட்டின் ஓரமாகத் தகரப் பலகை ஒன்று நிற்கிறது. பச்சை வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்தில் தீட்டப்பட்ட அதன் வாசகம் என்னுடையது. பத்தாண்டுகளுக்கு முன்னர் ஓர் இயற்கை முகாமை நடத்தியவர்கள், மாணவர்களுக்குப் புரியும்படி ஒரே வரியில் இந்தக் காட்டைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நானும் அதிகம் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்: "இக்காடு பத்துக் கோடி ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது." எழுதிய அன்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதற்குப் பின் படித்தவையும் நேரில் போய்ப் பார்த்த சிலவும் சேர்ந்து, அந்த வரியில் பழுதில்லாத சொல் ஒன்றுகூட இல்லை என்ற இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைத் திருத்துவதற்காக நான் சேர்த்துவைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

மழைக்காடு என்ற பெயரே புதியது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்பர் 1898-இல்தான் அப்படி ஒரு சொல்லை ஆக்கி, வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் ஈரமாயிருக்கும் உயர்ந்த பசுமைக் காடுகளுக்குச் சூட்டினார். ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே அந்தக் காட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதை ஆதிக்காடு, கன்னிக்காடு என்றே எழுதினார்கள். அடர்த்தியையும் இருட்டையும் பார்த்ததும் பழமை என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. திரைப்படங்களும் தம் பங்குக்கு, இராட்சதப் பல்லிகளைப் பனைகளுக்கும் அகன்ற இலைச் செடிகளுக்கும் நடுவில் நடக்கவிட்டு, அந்த எண்ணத்தை உறுதி செய்துவிட்டன.

டைனோசர்கள் நடந்த காலத்து மரம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போகலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் வெளியுலகுக்கு அறிவித்த அந்தக் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடலாக இருந்தது. எங்கோ மேட்டு நிலத்தில் நின்ற மரம் ஆற்றோடு வந்து கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகியிருக்கிறது. நான் போனது ஒரு மே மாத நண்பகலில். கம்பி வேலிக்குள் கிடந்த அதன்மேல் கையை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுட்டது. எனக்குப் பயன்பட்ட செய்தி அதன் நீளமோ வயதோ அன்று. அது பூக்காத மரம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களின் முற்றத்தில் அடுக்கடுக்காக நிற்கும் அரோகேரியா, பைன் போன்ற கூம்புக்காய் மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய மழைக்காட்டுக்குள் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் அந்தக் கூட்டத்து மரம் ஒன்றைக் காண்பது அரிது. அப்படியானால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

அந்த 'ஏதோ' எது என்பதற்கு இதுவரை கிடைத்திருக்கும் ஆகத் தெளிவான விடை தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது. வெப்பமண்டலத்தில் புதைபடிவம் தேடுவது எளிய வேலையன்று. பாறைமேல் மண்ணும் மண்மேல் காடுமாக எல்லாம் மூடிக் கிடக்கும். சுரங்கம் தோண்டினால்தான் உண்டு. கொலம்பியாவின் வடகோடியில் உள்ள செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கம் அப்படிப்பட்ட ஒரு பெரும் பள்ளம். அங்கு ஏறத்தாழ 5.8 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அடுக்குகளிலிருந்து எடுத்த டைட்டனோபோவா என்னும் பாம்பை 2009-இல் அறிவித்தபோது உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாம் அதன் 13 மீட்டர் நீளத்தையும் ஒரு டன்னைத் தாண்டிய எடையையும் எழுதித் தள்ளின. அதே அடுக்குகளில் கிடைத்த இலைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு அந்த இலைகளே பெரிய செய்தியாகப் படுகின்றன. அவரைக் குடும்பம், பனைக் குடும்பம், சேம்புக் குடும்பம், இலவங்கப்பட்டைக் குடும்பம் என்று இன்றைய அமேசான் காட்டில் நடப்பவர் காணும் அதே குடும்பங்கள் அங்கே இருந்தன. சொட்டிவிடும் கூரிய நுனியோடு கூடிய அகன்ற இலைகளும் இருந்தன. நமக்குத் தெரிந்த தென் அமெரிக்க மழைக்காடுகளுள் மிகப் பழையது இதுதான்.

பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் ஹராமியோ, மோனிகா கர்வால்யோ முதலியோர் அதற்கும் கீழே போனார்கள். கொலம்பியா முழுவதிலும் இருந்து 6,000-க்கும் மேற்பட்ட இலைப் படிவங்களையும் 50,000-க்கும் மேற்பட்ட மகரந்த மணிகளையும் எண்ணி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யூக்கட்டான் பகுதியில் விண்கல் மோதியதற்கு முன்னும் பின்னும் அந்த மண்ணில் என்ன வளர்ந்தது என்று ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். மோதலுக்கு முந்திய காடும் வெப்பமானது, ஈரமானது. ஆனால் அது வேறு காடு. அரோகேரியா போன்ற கூம்புக்காய் மரங்களும் பெரணிகளும் பூக்கும் தாவரங்களும் கலந்து, ஒன்றுக்கொன்று விலகி நின்றன. வெளிச்சம் தரைவரை இறங்கியது. மோதலில் தாவர வகைகளில் 45 விழுக்காடு அழிந்தது. பழைய பன்மை திரும்புவதற்கு 60 லட்சம் ஆண்டுகள் பிடித்தன. நம் முன்னோர் சிம்பன்சிகளின் முன்னோரிடமிருந்து பிரிந்து இன்று இந்த வரியைப் படிக்கும் நிலைக்கு வரப் பிடித்த காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்பி எழுந்தபோது அது பூக்கும் தாவரங்களின் கையில் இருந்தது. கிளைகள் மேலே கோத்துக்கொண்டு கூரை மூடியிருந்தது.

கல்லில் பதிந்த இலையை வைத்துக்கொண்டு காட்டின் கூரை மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று எப்படிச் சொல்ல முடியும்? இதைப் படித்தபோது எனக்கு ஒரு துப்பறியும் கதையின் சுவை கிடைத்தது. அடர்ந்த காட்டின் அடித்தளத்தில் காற்று தேங்கி நிற்கிறது. மட்கும் சருகும் வேர்களும் வெளியிடும் கரியமில வாயுவை அங்குள்ள செடிகள் மறுபடி மறுபடி உள்ளிழுக்கின்றன. அந்த வாயுவில் கார்பனின் கனமான வகை குறைவு. உச்சியில் இருக்கும் இலைக்கு வெளிக்காற்றும் முழு வெயிலும் கிடைப்பதால் கணக்கு வேறாக இருக்கும். ஆகவே மூடிய காட்டிலிருந்து உதிரும் இலைகளில் இந்தக் கனமான கார்பனின் அளவைப் பார்த்தால் எண்கள் பரந்து கிடக்கும். திறந்த காட்டின் இலைகளில் அவை நெருங்கி நிற்கும். கொலம்பியாவின் பழைய இலைகளில் நெருக்கமும் புதிய இலைகளில் பரவலும் தெரிந்தன. பூச்சி கடித்த தடங்களும் சாட்சி சொல்லின: ஒரே வகை மரத்தையே நம்பி வாழ்ந்த பூச்சிகள் விட்ட தடங்கள் மோதலுக்குப் பின் வெகுவாகக் குறைந்து, கிடைத்ததைத் தின்னும் பூச்சிகளின் தடங்களே மிஞ்சின.

ஏன் இப்படி மாறியது என்பதற்கு அவர்களே மூன்று காரணங்களை முன்வைக்கிறார்கள். பெரிய தாவர உண்ணிகளான டைனோசர்கள் மேய்ந்தும் மிதித்தும் காட்டைத் திறந்து வைத்திருந்தன, அவை போனதும் இடைவெளி அடைபட்டது என்பது ஒன்று. மோதலில் எழுந்த தூசி மண்ணுக்கு உரமாகி, வேகமாக வளரக்கூடிய பூக்கும் தாவரங்களுக்கு வாய்ப்பளித்தது என்பது மற்றொன்று. கூம்புக்காய் மரங்கள் வெப்பமண்டலத்தில் பெருமளவு அழிந்துபோனதால் அவற்றின் இடத்தைப் பிறர் எடுத்துக்கொண்டனர் என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எனக்கு முதல் காரணத்தின்மேல் ஒரு சாய்வு உண்டு. நம் காடுகளில் யானை நடக்கும் தடத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வலிமை எளிதில் புரியும். அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள விலங்குகள் மந்தை மந்தையாக நடந்த காட்டில் கூரை எங்கே மூடப்போகிறது? அவரைக் குடும்பம் அப்போதுதான் அந்த மண்ணில் தலையெடுத்தது என்பதும் கவனிக்கத் தக்கது. அக்குடும்பத்துப் பெரும்பாலான மரங்களின் வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வளம் குறைந்த வெப்பமண்டல மண்ணுக்கு அது சின்ன உதவியன்று.

ஆக, என் பலகையின் 'மாறாமல்' என்ற சொல் இங்கேயே விழுந்துவிட்டது.

பூக்கும் தாவரங்கள் கையில் எடுத்த காடு ஏன் அவ்வளவு வேறாக இருந்தது என்பதற்கு விடை இலையின் நரம்பில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை மலைப் பகுதியில், ஒரு மழை விட்ட காலையில், இதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் கூம்புக்காய் மரம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நரம்பாலி என்று பெயர். ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்ததாயினும் ஊசி இலை அதற்கு இல்லை. வேல்போல அகன்று, தோல்போலத் தடித்து, பளபளவென்று இருக்கும். கீழே கிடந்த நரம்பாலி இலை ஒன்றையும், பக்கத்தில் நின்ற வெடிப்பலாவின் இலை ஒன்றையும் எடுத்துப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நரம்பாலியில் நடுநரம்பே இல்லை. காம்பிலிருந்து நுனிவரை வரிவரியாக இணைகோடுகள் ஓடுகின்றன. கோட்டுக்கும் கோட்டுக்கும் குறுக்கே பாலம் கிடையாது. வெடிப்பலாவில் நடுநரம்பு, அதிலிருந்து பக்க நரம்பு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து மேலும் கிளை என்று கண்ணாடியின் எல்லைவரை பிரிந்துகொண்டே போய், மீன்வலையின் கண்களைவிடச் சிறிய கட்டங்களாக முடிகிறது. அருகில் ஈரத்தில் மட்கிச் சதையெல்லாம் போய், நரம்பு மட்டும் மிஞ்சிய பழைய இலை ஒன்று கிடந்தது. தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தால் சல்லாத் துணி போல இருந்தது.

இந்த வேறுபாட்டை எண்ணாகவும் சொல்லலாம். இலையின் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் உள்ள நரம்புகளை எல்லாம் நேராக நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், பூக்காத தாவரங்களில் அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வரும். பூக்கும் தாவரங்களில் சராசரியாக 8 மில்லிமீட்டர். நரம்பு என்பது வாய்க்கால். வாய்க்கால் நெருங்க நெருங்க இலையின் ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர் தட்டில்லாமல் போகும். தண்ணீர் போனால் இலைத்துளைகளைத் தைரியமாகத் திறந்து வைக்கலாம். திறந்து வைத்தால் கரியமில வாயு உள்ளே வரும், ஒளிச்சேர்க்கை கூடும், வளர்ச்சி விரையும். அதற்கு விலையாக ஏராளமான நீராவி வெளியே போகும். அந்த நீராவிதான் மறுபடி மேகமாகிறது. அமேசான் படுகையில் பெய்யும் மழையில் கால் பங்கிலிருந்து பாதி வரை, காடே வெளியிட்ட ஈரம் திரும்பிப் பெய்வதாக மதிப்பிடுகிறார்கள். பூக்கும் தாவரங்களை நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் பூக்காத தாவரங்களின் நரம்புக் கணக்கை வைத்து, 2010-இல் வெளியான ஒரு கணினி மாதிரி அமேசானின் வானிலையைப் போட்டுப் பார்த்தது. வெப்பம் கூடியது, மழை குறைந்தது, ஆண்டு முழுவதும் ஈரமாயிருக்கும் காட்டுப் பரப்பு 80 விழுக்காடு சுருங்கியது. மழை பெய்ததால் காடு வந்ததா, காடு வந்ததால் மழை பெய்ததா என்ற நம்மூர்த் திண்ணைக் கேள்விக்கு, இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தன என்றுதான் விடை சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு வழக்கு இருப்பதையும் மறைக்கக் கூடாது. மரபணுக்களில் சேரும் மாற்றங்களைக் கடிகாரமாகக் கொண்டு கணக்கிடுகிறவர்கள், மழைக்காட்டுத் தாவரக் குடும்பங்களின் வேர் 10 கோடி ஆண்டுகளைத் தாண்டிப் போவதாகக் காட்டுகிறார்கள். ஆமணக்கு, இரப்பர், மரவள்ளி முதலியவை அடங்கிய பெரும் வரிசை ஒன்று உண்டு. இன்றைய மழைக்காடுகளின் நிழலில், அடித்தட்டில் நிற்கும் மரங்களில் 40 விழுக்காடு வரைக்கும் அந்த வரிசையைச் சேர்ந்தவை. அதன் கிளைகள் கிரிட்டேசியஸ் காலத்தின் நடுவிலேயே வேகமாகப் பிரிந்தன என்று 2005-இல் காட்டப்பட்டது. நிழலில் வாழப் பழகிய மரங்கள் அப்போதே இருந்தன என்றால் நிழல் தரும் காடும் அப்போதே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கல்லில் பதிந்த இலையோ அப்படிப்பட்ட காட்டை இன்னும் காட்டித் தரவில்லை. பூக்கும் தாவரங்கள் திடீரென்று பெருகியதை டார்வின் 1879-இல் தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அருவருக்கத்தக்க புதிர் என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பு இன்னும் முழுதாக ஓயவில்லை. என் கணிப்பில் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. குடும்பங்கள் பழையவை, அவை கூடிக் கட்டிய வீடு புதியது. ஊரின் வயதையும் அங்கே குடியிருக்கும் சாதிசனங்களின் வயதையும் ஒன்றாக எண்ணினால் வரும் குழப்பம்தான் 'பத்துக் கோடி' என்று என் பலகையில் ஏறியது.

அடுத்த சொல் 'நிற்கிறது'. இதை எழுதியபோது நான் மறந்துபோன செய்தி, காட்டைச் சுமந்த நிலமே நிற்கவில்லை என்பது. ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்த இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டு, ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் நகர்ந்து, 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவில் முட்டியது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைப்போல நான்கு மடங்கு அது. நிலத்தட்டுகளைப் பொறுத்தவரை ஓட்டம் என்றே சொல்லலாம். அந்த ஓட்டத்தில் தட்டு நிலநடுக்கோட்டின் ஈரப் பட்டையைக் கடந்தது. கடந்தபோது அதன்மேல் என்ன ஏறியிருந்தது என்பதை அறிய எனக்கு உதவிய பொருள் எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது.

குங்கிலியம் கேட்டேன். கடைக்காரர் ஒரு தகர டப்பாவிலிருந்து அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கல்கண்டு போல உடைந்த, மஞ்சள் ஓடிய வெள்ளைக் கட்டிகள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தூசியும் மரப்பட்டையின் துணுக்கும் மாட்டியிருப்பது தெரிகிறது. ஒரு கட்டியில் எறும்பு ஒன்று கால் மடங்கிக் கிடந்தது. கரி நெருப்பில் போட்டதும் கொதித்து உருகி, எலுமிச்சையும் பழைய மரமும் கலந்தாற்போல ஒரு மணம் எழுந்தது. திருக்கடவூரில் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய குங்கிலியக் கலய நாயனாரின் கதை தமிழருக்குத் தெரியாததன்று. அவர் கையில் இருந்ததும் இத்தகைய மரப்பிசினாகவே இருந்திருக்கும். கடைகளில் இன்று வருவது பெரும்பாலும் வடக்கின் சால மரத்துப் பிசின். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியம் தருவது பைனி. (கருங்குங்கிலியம் வேறொரு குடும்பத்து மரம், பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும்.) சாலமும் பைனியும் கொங்கும் ஒரே குடும்பம். தாவரவியலில் டிப்டிரோகார்ப் என்பார்கள். இருசிறகுக் காய் என்று பொருள்.

சிறகு இருக்கிறதே தவிர, அந்தக் காய் அதிக தூரம் போவதில்லை. பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு தாய்மரத்துக்கு அருகிலேயே விழுகிறது. விழுந்த விதை உலர்ந்தால் செத்துவிடும். காத்துக் கிடக்கவும் தெரியாது, சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்தாக வேண்டும். தென்னையைப்போலக் கடலில் மிதந்து கரை ஒதுங்கும் திறமும் அதற்கு இல்லை. இப்படிப்பட்ட மரக் குடும்பம் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் மலேசியாவிலும், ஓரிரு உறவினர் தென் அமெரிக்காவிலுமாகச் சிதறிக் கிடப்பதற்கு நிலமே நகர்ந்தது என்பதைத் தவிர வேறு எளிய காரணம் தோன்றவில்லை. சூடானிலும் இந்தியாவிலும் கிரிட்டேசியஸ் கால இறுதி அடுக்குகளில் கிடைத்த மகரந்தத்தை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, இந்தக் குடும்பம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலத்தில் தோன்றி, இந்தியத் தட்டுக்கு வடமேற்கே இருந்த கோகிஸ்தான்–லடாக் தீவு வரிசையைப் படிக்கட்டாகக் கொண்டு இங்கே ஏறியது என்கிறது. என் பலகையின் எண் இந்த ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஆப்பிரிக்காவில் நட வேண்டிய பலகை.

ஏறியதற்கு ஆகச் சிறந்த சான்று குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் உள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. 5 கோடி ஆண்டுகளுக்கும் சற்று முந்திய அடுக்குகளிலிருந்து 150 கிலோ அளவுக்கு அம்பர் எடுத்தார்கள். அம்பர் என்பது கெட்டிப்பட்ட மரப்பிசின். அதில் 55 குடும்பங்களைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் அகப்பட்டிருந்தன. பிசினின் வேதிக் கூட்டைப் பார்த்தபோது அது டிப்டிரோகார்ப் குடும்பத்து மரத்தினுடையது என்று தெரிந்தது. வேறு பல அம்பர்களைப்போல அது முழுதாக இறுகிவிடவுமில்லை. டொலுவீன் போன்ற கரைப்பானில் இட்டால் கரைந்து, பூச்சி முழு உடலோடு தனியே வந்துவிடுகிறது. 2010-இல் வெளியான இந்தச் செய்தியைப் படித்தபோது நம்பச் சற்றுக் கடினமாகவே இருந்தது. பின்னர் அந்த நாட்டு மருந்துக் கடை எறும்பைப் பார்த்தேன். என் உள்ளங்கையில் இருந்ததும் அதே வேலையின் இன்றைய பிரதி. இன்னொரு வியப்பு, அந்தப் பூச்சிகளின் உறவினர்கள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்தவை. தீவாகத் தனித்து வந்த நிலம் என்றால் அதற்கே உரிய விசித்திரமான பூச்சிகள் இருந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. முட்டுவதற்கு முன்பே போக்குவரத்து தொடங்கிவிட்டிருந்தது.

முட்டிய பிறகு இந்தியாவிலிருந்து இறங்கிக் கிழக்கே போன மரங்கள் அங்கே பேரரசு நடத்துகின்றன. போர்னியோவின் தாழ்நிலக் காடுகளில் உயர்ந்து நிற்பவை பெரும்பாலும் இக்குடும்பத்து மரங்களே. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் என்று அளக்கப்பட்ட மஞ்சள் மெராந்தி வெப்பமண்டலத்தில் அளந்த மரங்களுள் மிக உயரமானது. சரவாக்கின் லம்பிர் மலையில் 52 ஹெக்டேர் பரப்பில் மட்டும் ஏறத்தாழ 1,200 மர வகைகளை எண்ணியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் கட்டைகள் நம் ஊர் மரக் கடைகளுக்கு 'மலேசியா சால்' என்ற பெயரில் வந்து, வீடு கட்டுகிறவர்களின் வாசல் நிலையாகவும் சன்னலாகவும் ஆகின்றன. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிருந்து கால்நடையாகப் போன வம்சம் இப்போது கப்பலில் திரும்புகிறது. நான் முன்பு சொன்ன வெடிப்பலாவுக்கும் இப்படியொரு கதை உண்டு. முள் நிறைந்த பந்துபோல் காய்க்கும் அது, மலேசியத் தமிழர் முள்நாறி என்று அழைக்கும் டுரியானின் நெருங்கிய உறவு. மணமும் சதையும் வாய்க்காத உறவு என்பதால் நாம் அதைச் சோலைமந்திகளிடம் விட்டுவிட்டோம்.

அந்த நீண்ட பயணத்தில் இந்தியத் தட்டு ஒரு பெரும் தீயையும் கடந்தது. விண்கல் மோதிய காலத்தை ஒட்டியே தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடியது. இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தக் கருங்கல் கிடக்கிறது. தென்முனையை அக்குழம்பு எட்டவில்லை. அங்கே சில பழைய தாவர வம்சங்கள் ஒதுங்கிப் பிழைத்திருக்கலாம் என்ற கருத்து நெடுநாளாக உண்டு. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்னும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களையும் புதர்களையும் ஆராய்ந்து 2023-இல் எழுதியபோது, மலையின் தென்பகுதி பழையவற்றைக் காத்துவைத்த அருங்காட்சியகமாகவும் புதியவற்றை ஈன்ற தொட்டிலாகவும் ஒருங்கே இருந்திருக்கிறது என்றார்கள். மழைக்காட்டில் புதியவை பிறப்பதற்குத் தென் அமெரிக்காவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே இங்கா என்றொரு அவரைக் குடும்பப் பேரினம் இருக்கிறது; ஏறத்தாழ 300 வகைகள், பெரும்பாலானவை கடந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குள் பிரிந்தவை. அருகருகே நிற்கும் இரு மரங்களில் ஒன்று பல கோடி ஆண்டு வம்சத்தின் கடைசி ஆளாகவும், மற்றொன்று நேற்றுப் பிறந்ததாகவும் இருக்கக் கூடும்.

கடைசியாக மிஞ்சுவது 'இக்காடு' என்ற சொல். எது இக்காடு? விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போய் வந்தபின் இந்தச் சுட்டெழுத்தின்மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. செம்மண் மேடு, பனை, முட்புதர், முந்திரித் தோப்பு. காற்றில் வக்கிரகாளியம்மன் கோயில் மணி. அந்த மேட்டில் கல்மரங்கள் கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரை நீளமானவை. பிரெஞ்சுக்காரரான சொன்னரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அரக்கனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வதுண்டு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கணக்கிடப்படும் இந்தப் பகுதிக் கல்மரங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அவற்றில் டிப்டிரோகார்ப் மரங்களை அடையாளம் கண்டார்கள். அடையாளம் என்ன தெரியுமா? பிசின் ஓடும் குழல்கள். உயிரோடிருந்த நாளில் குங்கிலியம் ஓடிய குழல் கல்லான பின்பும் வட்ட வட்டமாக அப்படியே இருக்கிறது. நெய்வேலியிலிருந்து நம் வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரமும் இதே கடலூர்க் கரையோரத்தில் புதைந்த வெப்பமண்டலச் சதுப்புக் காட்டின் எச்சந்தான். பருவமழையின் போக்கு மாறி, கிழக்குச் சமவெளி வறண்டு, அந்த ஈரக் காடு மேற்கு மலைச் சரிவுகளுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

திருவக்கரைக் கட்டைகளில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்ட மரங்கள் அவை. அவை நின்ற இடம் மேற்கே எங்கோ. ஒரு கட்டையின் வெட்டு முகத்தில் தண்ணீரை ஊற்றிக் கைக்கண்ணாடியை வைத்துக் குனிந்து வெகுநேரம் குழல் தேடினேன். காவலர் வந்து, "சார், கல்லு எதுவும் எடுக்கக் கூடாது" என்றார். எடுக்கவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன். "பாக்குறதுக்கு மரம் மாதிரியே இருக்குல்ல?" என்று அவரே சேர்ந்து குனிந்தார். ஈரம் காய்வதற்குள் இரண்டு மூன்று வெண்புள்ளிகள் தெரிந்தன. அவை குழலா, வெறும் படிகமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பலகையின் வாசகத்தை மாற்ற அனுமதி கேட்டுச் சென்ற மாதம் எழுதினேன். மாற்றலாம், வண்ணம் பூசும் செலவு உங்களுடையது, ஆனால் பழையதைப்போல ஒரே வரியில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. நான்கு வரிகள் எழுதி அடித்துவிட்டேன். ஐந்தாவதில் 'இக்காடு' என்பதைத் தாண்டவில்லை.